மார்பளவுத் தண்ணீரில் நின்றவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பட்டும் ஆட்களும்தான். நூலை விரலில் தடவினால் அது எந்த ஊர்ப் பட்டு என்று சொல்லிவிடுவேன். ஆளைப் பார்த்தால் எத்தனை நாள் வேலையில் தங்குவான் என்று சொல்லிவிடுவேன். ஆரணியில் அரக்கும் மஞ்சளும் சேர்ந்த சேலை வேண்டும் என்றால் இன்றைக்கும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். நான் பிறந்த வீட்டில் மழை வெளியே பெய்வதற்கு முன்னால் உள்ளே பெய்யும். இன்று என் தறிக் கொட்டகை நிற்கிற மனை தெருவைவிட ஓர் ஆள் உயரம். நல்ல கெட்டி ஏரி மண்ணாகக் கொட்டி உயர்த்தினேன். ஐப்பசி மழையில் தெருவே மிதந்தாலும் என் வாசற்படி நனையாது. யார் கையையும் பிடித்துக்கொண்டு மேலே வந்தவன் இல்லை நான். இதை மேடையில் சொல்லியிருக்கிறேன், சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பற்றி எழுதச் சொன்னால் கை ஓடும். இவரைப் பற்றி எழுத உட்கார்ந்து நான்கு நாளாகிறது.

பெயரை எழுதமாட்டேன். அவர் சம்சாரம் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். “எழுதறதுன்னா எழுதிக்குங்க மொதலாளி. பேரு மட்டும் போடாதீங்க. அவருக்குப் புடிக்காது.” செத்துப்போனவருக்குப் பிடிக்காது என்று அந்த அம்மா சொன்ன விதத்தில், அவர் உள்ளறையில் படுத்திருக்கிறார் என்றே எனக்கு ஒரு கணம் தோன்றியது.

அவர் பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு; அது தீர்ந்தால், பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையை முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். ஒன்று மாறினாலும் சேலை முழுக்கக் கோடு ஓடும். அவர் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு முறுக்கு முறுக்குவார், அவ்வளவுதான். அவர் சேர்த்த பாவில் நான் கோடு பார்த்ததில்லை. மெலிந்த ஆள். கட்டம் போட்ட லுங்கி எப்போதும் முழங்காலுக்கு மேல் மடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலும் கையுமாக ஏதாவது ஓர் ஏரிக்கரையில் இருப்பார். பேச்சு மிகவும் குறைவு. அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று: “நான் எறங்கிப் பாத்துட்டு சொல்றேங்க.”

அதை முதலில் கேட்டது என் சாயப் பட்டறைக் கிணற்றடியில். மோட்டார் அடைத்துக்கொண்டது. பாதிப் பட்டு சாயத் தொட்டியில் கிடக்கிறது, அலசத் தண்ணீர் இல்லை. ஒரு ஆள் லுங்கியை இறுக்கிக்கொண்டு கிணற்றுப் படியில் கால் வைத்துவிட்டான். பாவு பிணைக்க வந்தவர் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். ஒரு வாளிக்குள் அகல் விளக்கை ஏற்றி வைத்துக் கயிற்றில் இறக்கினார். பாதி ஆழத்தில் விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினார். மறுபடி அதே இடத்தில் அணைந்தது.

“இன்னாய்யா, கெணத்துக்குக் கார்த்திகை தீபமா? ஜல்தியா எறக்குய்யா ஆள” என்று நான் கத்தினேன்.

“காத்து சரியில்லீங்க. வெளக்கு நிக்கட்டும். அப்புறம் மொதல்ல நான் எறங்கிப் பாத்துட்டு சொல்றேங்க.”

கெட்ட காற்றை வெளியேற்ற இலைக் கொத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அரை நாள் போய்விட்டது. சாயத்தில் கிடந்த பட்டு கறை பிடித்துவிட்டது. நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அதே வருஷம் பக்கத்து ஊரில் கிணற்றில் இறங்கிய இரண்டு பேர் மேலே வரவில்லை. அந்தச் செய்தியை என் மேனேஜர் படித்துக் காட்டியபோது நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன்.

இன்னொன்று ஊஞ்சல் விஷயம். புது வீடு கட்டி, கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல் மாட்டினேன். நல்ல நேரம் பார்த்து முதலில் நான் உட்கார வேண்டும். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி வருகிறேன், இவர் அதில் உட்கார்ந்து காலால் உந்தி ஆடிக்கொண்டிருக்கிறார்.

“எனக்கு முன்னாடி நீ உக்கார்றியா?”

அவர் எழுந்து ஓரமாக நின்றார். “கொக்கி பாத்தேன் மொதலாளி.”

“கொக்கி பாக்க ஆசாரி இல்லியா?”

“ஆசாரி மாட்டனாரு. உக்காந்து பாக்கலீங்க.”

சொந்தக்காரர்கள் முன்னால் அவமானமாகிவிட்டது. அன்று விருந்தில் அவரைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தேன். அவருக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. அந்தப் பந்தியிலும் பக்கத்து இலைக் குழந்தைக்கு ரசம் சுடுகிறதா என்று தன் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையாட்களை வேன் வைத்துப் போளூர் பக்கத்துத் திருமலைக்கு அழைத்துப் போனபோதும் அப்படித்தான். எல்லோரும் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவர் முன்னால் போய்விட்டுத் திரும்பி இறங்கி வருகிறார். “மேல பாறையில தேன்கூடு கீதுங்க. சத்தம் போடாம வாங்க.” எங்கள் கொட்டகையில் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். “எமலோகத்துக்கே நம்மளுக்கு முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்து, நல்லாத்தான் கீது, வாங்கன்னு கூப்புடுவாரு இவரு.” அவர் சிரித்துக்கொள்வார். பற்களில் வெற்றிலைக் கறை.

பெங்களூரில் மீன் பிடிப்பதையே விளையாட்டாக வைத்திருக்கிற ஒரு சங்கம் உண்டு. அவர்கள் என் கடையில் மெல்லிய பட்டு நூல் வாங்க ஆரம்பித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். தூண்டில் முள்ளில் பட்டு நூலும் இறகும் சுற்றி, ஒரு பூச்சி மாதிரி செய்வார்களாம். புழு கிடையாது, மாவு கிடையாது. நீளக் கயிற்றைச் சாட்டை மாதிரி வீசி அந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீர் மேல் உட்காரவைக்க வேண்டும். மீன் ஏமாந்து கவ்வும். பிடித்த மீனை அளந்து, குறித்துக்கொண்டு, உயிரோடு விட்டுவிட வேண்டும்.

“கொழம்பு வெக்க மாட்டாங்களா?” என்றார் என் மேனேஜர்.

“விட்டுடுவாங்களாம்.”

“அளக்கறதுக்கு மீனு இன்னாத்துக்கு மொதலாளி? நம்ம கடைக்கு வந்தா நாள் பூரா அளக்கலாமே.”

அந்தச் சங்கத்தின் நடுவர் ஓர் அம்மா. வேலூரில் வளர்ந்தவர், நம் பேச்சு நன்றாக வரும். மலை ஓடைகளிலேயே போட்டி நடத்தி அலுத்துவிட்டது, சமவெளியில் கெண்டை மீனுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று இருக்கிறோம், மூன்று இடம் வேண்டும், ஆறு ஒன்று, ஏரி இரண்டு என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஆரணியில் நடத்துங்க. எல்லாம் என் பொறுப்பு.” பட்டு வியாபாரத்தில் எனக்கு மேல் இருந்த இரண்டு பேர் கோயில் கும்பாபிஷேகத்தில் பெயர் வாங்கியிருந்தார்கள். யாரும் செய்யாத ஒன்றை நான் செய்ய வேண்டும் என்று இருந்தேன்.

இடம் பார்க்க அந்த அம்மாவோடு இவரை அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் அந்த அம்மா ஒரு பொய்ப்பூச்சியை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறிக்குக் கீழே கிடந்த பட்டுக் கழிவில் ஒரு துணுக்கு, வெளியே மேய்ந்த சேவலின் கழுத்திறகில் ஒன்று, பழைய முள் ஒன்று. பாவு முறுக்குகிற நேரம்தான் ஆனது. அதைப் போலவே ஒன்று. அன்று சாயங்காலம் அதில் ஒரு கெண்டை மாட்டியது. அந்த அம்மா, “இவரை நாங்க தூக்கிட்டுப் போயிடுவோம் சார்” என்றார். “என் ஆளு” என்றேன் நான், மீசையைத் தடவிக்கொண்டு.

போட்டிக்காரர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றுதான் வீசுவார்கள். கால் முதல் மார்பு வரை ஒரே ரப்பர் உடுப்பு போடுவார்கள். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், “இதுக்குள்ள தண்ணி பூந்துச்சுன்னா இன்னாங்க ஆவும்?”

“நீச்சல் தெரிஞ்சவங்களே திணறிப்போவாங்க. கால்ல கல்லு கட்டின மாதிரி” என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. கமண்டல நாகநதியில் ஒரு பகுதியை ஒரு வாரம் இறங்கி நடந்தார். கையில் மூங்கில் கழி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு குத்து. முதல் நாள் பார்த்த இடத்தை மூன்றாம் நாளும் பார்ப்பார். “நேத்து பாத்தது நேத்து தண்ணிங்க” என்பார். ஆறு சரி என்றார். போளூர் சாலைப் பக்கத்து ஏரி ஒன்றும் சரி என்றார். மூன்றாவது இடத்துக்குத் தெள்ளார் பக்கம் ஓர் ஏரியைச் சொன்னார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. என் தறிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. கரை அகலம், மேடை போடலாம், நூறு கார் நிற்கும். கடைசி நாள் பரிசளிப்பு அங்கேதான் நடக்க வேண்டும், வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால் என் கட்டடம் தெரிய வேண்டும்.

“அங்க வேணாங்க” என்றார்.

“ஏன்?”

“வேணாங்க.”

“மீனு இல்லியா?”

“மீனு கீது.”

“அப்புறம் இன்னாய்யா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலைக்குப் பின்னால், கட்டடத்தைப் பார்த்தார். “தரை சரியில்லீங்க.”

“ஏரித் தரை பின்ன டைல்ஸ் போட்டா இருக்கும்? உனக்குத் தெள்ளார்ல யாராவது சொந்தமா? பேஜார் பண்ணாதய்யா. அங்கதான், முடிவாயிடுச்சு.”

“அப்பன்னா நான் கழி நட்டுத் தர்றேங்க” என்று போனார்.

நான்கு நாள் அந்த ஏரிக்குள் கிடந்தார். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, பார்க்கத் தட்டு மாதிரி சமமாக இருந்தது. கரையிலிருந்து உள்ளே வரிசையாக மூங்கில் கழிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு நூல் சுற்றியிருந்தார். எல்லாவற்றிலும் சாயம் போடாத வெள்ளை. நடுவில் நான்கு கழிகளில் மட்டும் கன்னங்கரேல் என்று கறுப்பு.

தை பிறந்து நடத்துகிற விழா. நாங்கள் கல்யாணப் பட்டு விற்கிறவர்கள். எங்கள் கடையில் கறுப்புச் சேலையை முகப்பில் பிரிக்கக்கூட மாட்டோம். முகூர்த்தப் பட்டில் தப்பித் தவறி ஒரு கறுப்பு இழை ஓடியிருந்தால் சேலையையே எடுத்துவிடுவோம். “இன்னாய்யா இது, எழவு வூடு மாதிரி?” என்றேன்.

“அது அடையாளம் மொதலாளி. இருக்கட்டும்.”

எதற்கு அடையாளம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

போட்டியின் இரண்டாம் நாள் அவர் போளூர் சாலை ஏரியில் இருந்தார். அன்று பகலில் என் கொட்டகைப் பெண்களை அனுப்பி, பின்னால் இருக்கிற ஏரியில் எல்லாக் கழிகளிலும் அரக்கும் மஞ்சளுமாகப் பட்டு சுற்றச் சொன்னேன். பரிசல் வைத்துக்கொண்டு சுற்றினார்கள். மேனேஜர் மட்டும், “அவர ஒரு வார்த்த கேட்டுட்டு?” என்று இழுத்தார். “என் விழாவுக்கு நான் பட்டு கட்டறதுக்கு, பாவு புணைக்கறவன் கிட்ட உத்தரவு வாங்கணுமா?” என்றேன். சாயங்கால வெயிலில் அந்தக் கழிகளைப் பார்த்தபோது தண்ணீருக்குள் ஒரு கல்யாண வரிசை நிற்கிற மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை. பனி இன்னும் தண்ணீர் மேல் நின்றது. இருபது பேர் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கியாகிவிட்டது. அவர் வந்தார். கரையில் ஏறியதும் நின்றுவிட்டார். நேராக மேடைக்கு வந்தார்.

“மொதலாளி, ஒரு நிமிஷம்.”

சிறப்பு விருந்தினர் கார் அப்போதுதான் வந்து நின்றது. மாலை என் கையில் இருந்தது. “அப்புறம் வாய்யா.”

“ஒரு நிமிஷந்தாங்க.”

“அப்புறம்னு சொன்னேன்ல.”

அவர் ஓரமாக இருந்த கழி ஒன்றில் கை வைத்து அரக்கு நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் மேடையிலிருந்தே கத்தினேன், “யோவ், கைய எடு. நேத்து பூரா பொம்பளைங்க சுத்தனது.” வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுத்தார். சட்டையைக் கழற்றிக் கரையில் மடித்து வைத்தார். இறங்கினார்.

மணி அடித்தபோது அவர் ஏரிக்கு நடுவில், கறுப்பு நூல் இருந்த நான்கு கழிகளை ஒட்டி, மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கரையைப் பார்த்தபடி.

கொஞ்ச நேரத்தில் நடுவர் அம்மா வந்தார். “சார், உங்க ஆளு ரெண்டு பேர் வீசற எடத்துல நிக்கறார். தள்ளி நில்லுங்கன்னா, ‘இந்தப் பக்கம் மட்டும் வேணாம்மா, அந்தப் பக்கம் எவ்ளோ வேணா வீசுங்க’ன்னு சொல்றார். அதுக்கு மேல பேச மாட்டேங்கறார்.”

மைக் என் கையில்தான் இருந்தது.

“யோவ், மேல வாய்யா. மீனு உன் மூஞ்சியப் பாத்துட்டு ஊர விட்டே ஓடிடப்போவுது.”

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு கையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினார்.

“பாத்தீங்களா? மொதல் பரிசு குடுத்தாத்தான் வருவாராம்.”

இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கும் தெம்பு வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று சொன்னேன். அதையெல்லாம் எழுத மனசு வரவில்லை. ஒரு கட்டத்தில் அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது. போட்டிக்காரர்களும் அவரை ஒரு மரம் என்று வைத்துக்கொண்டு சுற்றி வீசப் பழகிவிட்டார்கள். பெங்களூர்ப் பையன் ஒருவன் பெரிய கெண்டை ஒன்று மாட்டி, அது இழுக்க இழுக்க இரண்டு முறை அவர் பக்கம் நகர்ந்து போனான். இரண்டு முறையும் அவர் அவன் தோளைத் தொட்டுத் திருப்பி விட்டார். அவன் எரிச்சலோடு ஏதோ சொன்னது மேடை வரை கேட்டது.

மூன்று மணி நேரம். இடைவேளையில் மேலே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மேனேஜர் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை அவரால் பிரிக்க முடியவில்லை. ஆயிரம் இழையை முறுக்குகிற விரல், ஒரு ரப்பர் பேண்டை எடுக்க முடியாமல் நடுங்கியது. நான் பார்த்தேன். திமிர் பிடித்தவன், படட்டும் என்று நினைத்தேன். மதிய மணி அடிப்பதற்கு முன்பே அவர் மறுபடி இறங்கிப் போய் அதே இடத்தில் நின்றுகொண்டார். இன்னும் மூன்று மணி நேரம்.

அன்று அங்கே ஒன்றும் நடக்கவில்லை. யாரும் விழவில்லை. அந்தப் பெங்களூர்ப் பையன்தான் ஜெயித்தான். என் கட்டடம் பின்னால் தெரிய, அவனுக்குக் கோப்பை கொடுக்கிற என் படம் பத்திரிகையில் வந்தது.

மேடையை அவிழ்க்கிறபோது அவரைக் கூப்பிட்டேன். சிறப்பு விருந்தினரும் என் தொழில்காரர்கள் சிலரும் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

“என் மானத்த வாங்கணும்னே முடிவு பண்ணிகினு வந்தியா?”

“இல்லீங்க மொதலாளி.”

“பின்ன எதுக்குய்யா அங்க நின்ன?”

அவர் வாயைத் திறந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார். “ஒண்ணும் இல்லீங்க.”

“நாளையிலருந்து கொட்டாய் பக்கம் வராத.”

“சரிங்க மொதலாளி.” சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். “அந்தக் கழிங்கள இப்ப புடுங்க வேணாங்க. தண்ணி எறங்கட்டும்.”

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மாசியில் நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பங்குனியில் போய்விட்டார். முன்பிருந்தே இருமல் இருந்தது, தறிக் கொட்டகையில் இருக்கிறவர்கள் யாருக்குத்தான் இல்லை என்று மேனேஜர் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரா, வேறு எதற்காவது சொன்னாரா என்று தெரியவில்லை. நான் போகவில்லை. மாலை அனுப்பினேன். பெரிய மாலைதான்.

வைகாசியில் நடுவர் அம்மா போனில் கூப்பிட்டார். அடுத்த வருஷமும் ஆரணிதான் என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது, மூன்று இடத்துக்கும் ஆழம் குறித்த படம் வேண்டும், இரண்டு இடத்துக்கு உங்கள் ஆள் நடந்து காட்டினார், நான் வரைந்துகொண்டேன், மூன்றாவதற்கு ‘அப்புறம் சொல்கிறேன்’ என்றுவிட்டார், அவரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவர் இறந்த செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் வீட்டில் ஏதாவது குறிப்பு இருக்கும் என்று போனேன். சம்சாரம் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டுவிட்டு மறுபடி ராட்டைக்கே போய்விட்டார்.

“படமா? அவருக்கு இன்னாங்க படம் எழுத வரும்? நூலுதான். வெள்ள கட்டனா அங்க நிக்கலாம். கறுப்பு கட்டனா நிக்கக் கூடாது. அதுக்கு மேல இன்னா படம்?”

“கறுப்பு கட்டின எடத்துல இன்னா இருந்தது?”

ராட்டை நின்றது. “பள்ளங்க. உங்க மனைக்கு மண்ணு வெட்டனாங்களே, அந்தப் பள்ளம்.”

“என் மனைக்கா?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியும்னுதான் அவரு நெனச்சிகினு இருந்தாரு. அன்னிக்கி சாயங்காலம் கம்பளி போத்திகினு இங்கதான் உக்காந்தாரு. ஏன்யா, வாயத் தொறந்து சொல்றதுதானன்னு கேட்டேன். ‘அவரு வெட்டன பள்ளத்த அவருக்கே நான் சொல்லணுமா? அத்தினி பேரு முன்னாடி சொன்னா அவருக்கு அசிங்கம். ஞாபகம் வந்துதுன்னா அவரே நிறுத்திடுவாரு’ன்னாரு.” ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. “ஞாபகம் வரும் வரும்னு பாத்துகினே நின்னாராம்.”

எனக்கு ஞாபகம் வர ஒன்றும் இல்லை. மனைக்கு மண் வேண்டும் என்றேன், மண் வந்தது. முழங்கால் ஆழத்துக்குத்தான் அனுமதி என்று மேனேஜர் சொன்னதும் நினைவிருக்கிறது. எங்கே, எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று நான் ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்ததில்லை.

அங்கிருந்து நேராக ஏரிக்குப் போனேன். டிரைவரைக் கரையில் நிறுத்திவிட்டுத் தனியாக இறங்கினேன். தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கழிகள் அப்படியே நின்றன. என் அரக்கும் மஞ்சளும் வெயிலில் வெளுத்துப் பழந்துணி நிறமாகியிருந்தன. நடுவில் இருந்த ஒரு கழியில் நூலைப் பிரித்தேன். எங்கள் வீட்டுப் பட்டு, முனையைப் பிடித்து இழுத்தால் சீராக வரும். வந்தது. அடியில் கறுப்பு, ஒரு சுற்றுக் கூடக் கலையாமல். அடுத்ததையும் பிரித்தேன். நான்கையும் பிரித்தேன்.

அந்த நான்குக்கும் நடுவில் பள்ளம். விளிம்பில் சரிவே இல்லை, கத்தியால் வெட்டின மாதிரி நேர் செங்குத்து. சுவரில் இயந்திரத்தின் பல் இழுத்த தடம் இன்னும் இருந்தது. குனிந்து பார்த்தேன். எனக்கு அது போதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்கினேன்.

அடியில் இன்னும் கணுக்கால் சேறு. நிமிர்ந்தால் வானம் ஒரு சதுரம். நான் நல்ல உயரம், கையைத் தூக்கினேன். விளிம்புக்கு ஒரு முழம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் என் கட்டடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது.

ஏற முயன்றபோது மண் உதிர்ந்தது. இரண்டு பக்கம் முயன்றேன். போன் காரில் கிடந்தது. டிரைவரைக் கூப்பிட்டேன், காற்று அந்தப் பக்கம் அடித்தது, கேட்கவில்லை. ஒரு மூலையில் கரை கொஞ்சம் சரிந்து, காலை வைக்க ஒரு திட்டு இருந்தது. அதற்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டி, அவர் நட்ட கழி. திட்டில் கால் வைத்து எட்டி அதைப் பிடித்தேன். என் முழு பாரமும் அதில் தொங்கியது.

எவ்வளவு ஆழத்துக்கு இறக்கி நட்டிருந்தாரோ, அது அசையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன்.